ஆத்தாவின் நீர்க்கடுப்பும் 14,000 ரூபாய்ப் பரிசோதனையும்

கேள்வி: நான் காரைக்குடியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) வயது 52. நான்கு ஆண்டுகளாக அடிவயிற்றில் வலி. நீர் சேரச் சேர வலி கூடுகிறது, கழித்தால் சற்றுக் குறைகிறது. இரவில் ஐந்தாறு முறை எழுந்து போகிறார்கள். உடம்புச் சூடு என்று நினைத்து நாள்தோறும் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறார்கள். ஏழெட்டுத் தடவை ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் சாப்பிட்டாயிற்று. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருப்பதாக ஒவ்வொரு முறையும் வருகிறது, ஆனால் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. இப்போது ஒரு தனியார் ஆய்வகம், சிறுநீரில் உள்ள நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களை அளந்து காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறது. செய்யலாமா? இதையே என் ஆய்வுத் திட்டமாகவும் எடுத்துக்கொள்ள முடியுமா?

அன்புள்ள மகளுக்கு,

முதல் கேள்விக்கு விடை, இப்போது வேண்டாம் என்பது. இரண்டாவதற்கு விடை, எடுக்கலாம், ஆனால் ஆய்வுக் கேள்வியை மாற்றிக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியைச் சிறுநீரின் வேதியியல் வழியாக அறிய முயல்வது மதிப்புள்ள ஆராய்ச்சி. ஆயினும் அது, நோயுள்ள பலரையும் நோயில்லாத பலரையும் ஒப்பிட்டு வேறுபாடு தேடும் நிலையில்தான் இன்னும் இருக்கிறது. தனியொருவருடைய குப்பியைப் பார்த்து அவருக்கு வலி எதனால் வருகிறது என்று சொல்லும் நிலையை அது எட்டவில்லை.

வேதியியலுக்குப் போகுமுன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரியைச் சொல்லிவிடுகிறேன். சீழ் அணுக்கள் இருக்கின்றன, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்கிறீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகு சிறுநீர் கொடுத்திருந்தால் சாதாரணக் கிருமியும் வளராமல் போகலாம். பிறப்புறுப்பின் கசிவு கலந்திருந்தால் நீர்ப்பையில் கோளாறே இல்லாமலும் சீழ் அணுக்கள் தென்படலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் எரிச்சலும் இந்த வயதில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆனால் நம் நாட்டில் சீழ் அணுக்கள், கிருமி வளராத கல்ச்சர் என்ற இந்த இரண்டும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்ப வரும்போது, மருத்துவர் முதலில் விலக்க வேண்டியது சிறுநீர்ப் பாதைக் காசநோயை. காசநோய்க் கிருமி வழக்கமான கல்ச்சர் தட்டில் வளராது; அதற்குத் தனி ஊடகமும் வாரக்கணக்கான காத்திருப்பும் தேவை. நீர்க்கடுப்புக்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் சில, அந்தக் கிருமியை அரைகுறையாக அடக்கி, நோய் பிடிபடுவதைத் தள்ளிப்போடவும் செய்யும். அடுத்தடுத்து மூன்று நாட்கள் அதிகாலைச் சிறுநீரைக் கொடுத்துக் காசநோய்க்கான சோதனைகளைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் இதற்குக் கட்டணம் இல்லை. இதோடு கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும், சிறுநீரில் இரத்த அணுக்கள் தென்பட்டால் நீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் சோதனைகளும் முடிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் இல்லை என்றாகி, கிருமித் தொற்றும் இல்லாமல், நீர்ப்பை சார்ந்த வலியும் அடிக்கடி நீர் பிரிதலும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ், அல்லது சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகுப்பு என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பெயர் பழையது; 1887-இல் ஸ்கீன் என்ற மருத்துவர் பயன்படுத்தியது. 1915-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கை ஹன்னர் என்ற மருத்துவர், இவ்வகை வலியுள்ள பெண்கள் சிலரின் நீர்ப்பைச் சுவரில் தனிவகைப் புண்களைக் கண்டு எழுதினார். எல்லா நோயாளிகளுக்கும் அந்தப் புண் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கோ, அதைச் சுட்டு ஆற்றினாலும் அதன் அடியில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் வலி கணிசமாகக் குறைவதுண்டு. அந்தப் புண்ணைக் காட்டுவது நீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி. எந்தச் சிறுநீர்ச் சோதனையும் இன்று அதைச் செய்வதில்லை. ஆகையால் அந்த 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) மருத்துவரிடம் போங்கள் என்பது என் கருத்து.

இனி, சிறுநீரில் தேடுவது ஏன் பொருத்தமானது என்பதற்கு வருகிறேன். உடம்பின் வேறெந்தத் தசைப்பையும் இவ்வளவு செறிந்த கழிவுநீரை மணிக்கணக்கில் தேக்கி வைப்பதில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தாண்டினாலே மருத்துவர் கவலைப்படுவார். சிறுநீரிலோ அது பத்து மடங்குக்கு மேலும் இயல்பாக இருக்கும். அந்தப் பொட்டாசியம் சுவருக்குள் ஊறி நரம்புகளைத் தூண்டிவிடாமல் தடுப்பவை, உட்பரப்பில் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும் செல்களும், அவற்றின்மேல் பூச்சுப்போல் இருக்கும் சர்க்கரைத் தொடர்களாலான படலமும். இந்தப் படலம் பழுதாகிச் சிறுநீர் சுவருக்குள் கசிவதுதான் வலிக்குக் காரணம் என்று லோவல் பார்சன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நெடுங்காலம் வாதிட்டு வந்தார். பொட்டாசியம் குளோரைடு கரைசலை நீர்ப்பைக்குள் செலுத்தி வலிக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் அவர் வகுத்தார். ஆனால் வேறு கோளாறு உள்ளவர்களுக்கும் அது வலித்தது, இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு வலிக்கவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. யாராவது செய்யச் சொன்னால், ஆத்தாவை அந்த வேதனைக்கு உட்படுத்த வேண்டாம்.

இத்துறையில் மிகுந்த நம்பிக்கையை எழுப்பிய பொருள், ஹன்னர் இருந்த அதே பால்டிமோரில் சூசன் கீ என்பவரின் குழு கண்டறிந்தது. இந்த நோயாளிகளின் சிறுநீரில் உள்ள ஏதோ ஒன்று, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் நீர்ப்பைச் செல்களைப் பெருகவிடாமல் தடுக்கிறது என்று 1990-களில் அவர்கள் கவனித்தார்கள். 2004-இல் அது ஒன்பது அமினோ அமிலங்களும் சர்க்கரை மூலக்கூறுகளும் கொண்ட ஒரு சிறு பெப்டைடு என்று அடையாளம் கண்டார்கள். தேய்ந்த பரப்பு மறுபடி வளராமல் நோய் நீடிப்பதை இது அழகாக விளக்கியது. அவர்களுடைய ஆய்வுகளில் நோயாளியையும் நோயற்றவரையும் நன்றாகப் பிரித்தும் காட்டியது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அது மருத்துவமனைச் சோதனையாக வரவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமும் இவர்களின் சிறுநீரில் கூடுதலாகத் தெரிந்தது. பிறகு பார்த்தால், வலியே இல்லாமல் அடிக்கடி நீர் பிரியும் கோளாறு உள்ளவர்களிடமும் அது கூடித்தான் இருந்தது. நோயற்றவரோடு மட்டும் ஒப்பிட்டால் பல பொருட்கள் நோயைக் காட்டிக்கொடுக்கும் குறிகாட்டிபோலத் தோன்றும். கல், தொற்று, அடிக்கடி நீர் பிரியும் கோளாறு ஆகியவை உள்ளவர்களோடும் ஒப்பிட்ட பிறகு நிலைத்து நிற்பவை மிகச் சிலவே.

ஒவ்வொரு பொருளாகத் தேடுவதை விட்டு எல்லாவற்றையும் ஒருசேர அளப்போம் என்ற எண்ணம் அடுத்து வந்தது. 2008-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் சிறுநீரகப் பிரிவு, இடுப்புப் பகுதியின் நாட்பட்ட வலியை ஆராயப் பல பல்கலைக்கழகங்களை இணைத்து ஒரு வலையமைப்பை நிறுவியது. அதன் ஆய்வாளர்கள், நோயுள்ள பெண்களின் சிறுநீரில் பாலியல் ஹார்மோன்களின் சிதைவுப் பொருளான ஒரு ஸ்டீராய்டு சல்பேட்டு கூடியிருப்பதாக எழுதினார்கள். வேறொரு குழு ஃபீனைல்அசிட்டைல்குளுட்டமின் என்ற பொருளைச் சுட்டியது. அது நீர்ப்பையில் உண்டாவதன்று. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உணவுப் புரதத்தைச் சிதைத்துத் தருவதைக் கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றி வெளியேற்றுவது. நீர்ப்பை நோயைத் தேடிப்போன இடத்தில் குடல் வந்து நிற்பது இத்துறையில் அடிக்கடி நடக்கிறது. வியப்பும் இல்லை: 2013-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு மனிதச் சிறுநீரில் 2,600-க்கும் மேற்பட்ட சேர்மங்களைத் தொகுத்தது. அவற்றில் நீர்ப்பை தானே சேர்ப்பது சொற்பம்.

இந்த இடத்தில்தான் ஆத்தாவின் வெந்தயத் தண்ணீர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெந்தயத்தில் டிரைகோனெலின் என்ற ஆல்கலாய்டு உண்டு. அந்தப் பெயரே வெந்தயத்தின் தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான். குடித்தால் அதில் ஒரு பகுதி சிறுநீரில் வரும், சேர்மங்களை அடையாளம் காட்டும் என்.எம்.ஆர். கருவியின் நிறமாலையில் தனித்த சிகரங்களாகத் தெரியும். செட்டிநாட்டில் நீர்க்கடுப்பு உள்ள ஐம்பது பெண்களையும் இல்லாத ஐம்பது பெண்களையும் சேர்த்து ஒருவர் ஆய்வு செய்வதாகக் கொள்ளுங்கள். கடுப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் சூடு தணிய வெந்தயம் குடித்திருப்பார்கள். கணினி, தயக்கமே இல்லாமல், டிரைகோனெலின் இந்த நோயின் குறிகாட்டி என்று சொல்லும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதே டிரைகோனெலின் காப்பியிலும் இருக்கிறது. காப்பி குடித்தால் வலி கூடுகிறது என்று மேலைநாட்டு நோயாளிகள் பலர் காப்பியை விட்டிருப்பார்கள். அங்கே அதே பொருள் நோயாளிகளிடம் குறைவாகத் தெரியும். ஒரே நோய், ஒரே சேர்மம், இரண்டு நாடுகளில் இரண்டு எதிர்த்திசை முடிவுகள். இரண்டிலும் கருவியின் மேல் குற்றம் இல்லை.

நம் அடுப்படியிலிருந்து வருபவை இன்னும் பல. கடல் மீன் குழம்பும் நண்டு ரசமும் உண்ட மறுநாள் ட்ரைமெத்தில்அமின் ஆக்சைடு ஏறும். கோழி வறுவலுக்குப் பிறகு மெத்தில்ஹிஸ்டிடின் ஏறும். தேநீரும் பழங்களும் ஹிப்யூரிக் அமிலத்தைக் கூட்டும். பென்சோயேட்டு சேர்த்த பாட்டில் சர்பத்தும் அதையே கூட்டும். வலிக்கு ஒரு பாராசிட்டமால் போட்டிருந்தால் அதன் சிதைவுப் பொருட்கள் நிறமாலையின் ஒரு பகுதியையே மறைத்துவிடும். வலியுள்ளவர்தான் அதைப் போடுவார் என்பதால் அதுவும் போலிக் குறிகாட்டியாகும். அந்த ஆய்வகத்தின் விண்ணப்பத்தில் முந்தைய இரண்டு நாட்களின் உணவையும் மருந்தையும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அவர்கள் அளக்கப்போவது பெரும்பாலும் உங்கள் வீட்டுச் சமையலை.

அடுத்தது செறிவு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து பின்தோட்டத்தில்தான் கழிப்பறை. இரவில் அவ்வளவு தூரம் நடக்க அஞ்சி, மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடென்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒருவரின் சிறுநீரில் எல்லாப் பொருளும் செறிந்திருக்கும். நாள் முழுதும் இளநீரும் மோரும் குடிப்பவரின் சிறுநீரில் எல்லாமே நீர்த்திருக்கும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு அளவையும் கிரியாட்டினினால் வகுப்பது வழக்கம். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஆணுக்குக் கூடுதல், வயதானவருக்கும் மெலிந்தவருக்கும் குறைவு. வலியால் நான்கு ஆண்டுகள் தூக்கமிழந்து மெலிந்த ஒரு பெண்ணுக்கு வகுக்கும் எண் சிறியதாகிவிடுவதால், வகுத்த பிறகு எல்லாமே கூடியதுபோல் காட்டும். அடர்த்தியாலோ கரைபொருள் செறிவாலோ திருத்தி, இரண்டு முறையிலும் ஒரே முடிவு வருகிறதா என்று பார்ப்பவரைத்தான் நான் நம்புவேன்.

மூன்றாவது, குப்பி. மருத்துவமனை உயிர்வேதியியல் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், சித்திரை வெயிலில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கும் சிறுநீர்க் குப்பிகளை மூடி திறக்கும்போதே அம்மோனியா மூக்கைத் தாக்கும். பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக்க, அமிலமாக இருந்த சிறுநீர் சில மணி நேரத்தில் காரமாகிவிடும்; உப்புகள் படியும், அசிட்டேட்டு கூடும், சீழ் அணுக்கள் சிதையும். பெண்களின் சிறுநீரில் வெளிப்பாக்டீரியா எளிதில் கலக்கும் என்பதால் இந்த மாற்றம் விரைந்து நடக்கும். எடுத்தவுடன் குளிரில் வைத்து, சுழற்றித் தெளிநீரைப் பிரித்து, சிறு பங்குகளாக −80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். உருக்கி மறுபடி உறையவைக்கக் கூடாது. அந்த ஆய்வகம் மாதிரியைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தால், பனிக்கட்டியோடா, எத்தனை மணி நேரத்தில் என்ற கேள்விக்கு விடை வாங்குங்கள்.

உங்கள் திட்டத்துக்கான கேள்வியை இந்த மூன்றாவதிலிருந்தே எடுக்கச் சொல்வேன். நோயைக் கண்டுபிடிக்கும் குறிகாட்டியைத் தேடப் புறப்பட்டால், இருபது பேரின் மாதிரியும் ஆயிரம் சிகரங்களும் கையில் இருக்கும். நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான தளர்வை வைத்துப் பார்த்தாலே, உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாமல் ஏறத்தாழ ஐம்பது சிகரங்கள் வேறுபட்டதாகத் தோன்றும். அதை வைத்துப் பட்டம் வாங்கலாம், யாருக்கும் பயனில்லை. மாறாக, சிவகங்கை மாவட்டத்துக் கோடை வெப்பத்தில் சிறுநீர் எத்தனை மணி நேரம் நம்பத்தக்கதாக இருக்கிறது என்று கேளுங்கள். நலமான தன்னார்வலர்களின் மாதிரியைப் பிரித்து, ஒரு பங்கைக் குளிரிலும் ஒரு பங்கை அறையிலும் வைத்து, 0, 2, 4, 8, 24 மணி நேரத்தில் அமில காரத்தன்மை, அம்மோனியா, யூரியா, கிரியாட்டினின் ஆகியவற்றை அளவிடுங்கள். கிரியாட்டினினுக்கு யாஃபே 1886-இல் சொன்ன பிக்ரிக் அமில முறையும் ஒரு சாதாரண நிறமாலை ஒளிமானியும் போதும். பிக்ரிக் அமிலத்தை மட்டும் உலரவிடாதீர்கள், உலர்ந்தால் வெடிக்கும். மின்வேதியியலில் விருப்பம் இருந்தால், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வழிகாட்டி மூலம் அங்கே ஒருவரை அணுகுங்கள். யூரிக் அமிலத்தின் சமிக்ஞையை வைட்டமின் சி-யின் சமிக்ஞையிலிருந்து பிரிப்பது வெறும் மின்முனையில் கடினம் என்பதும், நெல்லிக்காய்ச் சாறு குடிப்பவரின் சிறுநீரில் அது இன்னும் கடினம் என்பதும் நல்ல ஆய்வுக் கேள்விகள். எதுவானாலும் மனித மாதிரி என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஆத்தாவின் மாதிரியைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். பெற்ற தாயின் எண்களை விருப்பு வெறுப்பின்றிப் பார்க்க என்னாலும் முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவில்லை. மூன்று நாட்களுக்கு, ஆத்தா எத்தனை மணிக்கு நீர் கழித்தார்கள், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, அப்போது வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் குடித்ததையும் உண்டதையும் எழுதட்டும். காப்பி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய்க் காரம் ஆகியவை சிலருக்கு வலியைக் கூட்டுகின்றன, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திப் பத்தியச் சோறு போட்டால் எது காரணம் என்று தெரியாமலே போகும். ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பகலில் தண்ணீரைப் பரவலாகக் குடித்து, படுக்கப் போகும் முன் குறைக்கட்டும். முடிந்தால் படுக்கும் அறைக்கு அருகில் ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்ததாக அறிக்கை இல்லாமல், மருந்துக்கடையில் கேட்டு இன்னொரு ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். பென்டோசான் பாலிசல்பேட்டு என்ற மாத்திரையை மருத்துவர் எழுதினால், நெடுநாள் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதாக 2018 முதல் செய்திகள் வந்திருப்பதால், தொடங்குமுன் கண் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், இதுவரை வந்த கல்ச்சர் அறிக்கைகளையும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் தேதிவாரியாக எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் கொடுக்கும் நாளில், சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெந்தயத் தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. குடித்த நேரத்தை மட்டும் அந்த நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்.